ஆறாம் நம்பர் காட்டுக் கல்திட்டை

போன ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரிப் பக்கம் ஒரு மரபு நடைக்குப் போயிருந்தேன்.

இந்த வயதில் உனக்கு எதற்கு மலை ஏறும் வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் முழங்காலும் அதையேதான் கேட்டது. எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரு குழு இருக்கிறது – ஒரு மாதம் கோயில், ஒரு மாதம் அணை, ஒரு மாதம் யாரோ வளர்க்கும் கள்ளிச்செடி என்று எதையாவது பார்க்க வேன் பிடித்துக் கிளம்பிவிடுவார்கள். இந்த மாதம் கல்.

சாதாரணக் கல் இல்லை. கல்திட்டை. மூன்று பக்கம் மூன்று பலகைக்கல்லை நட்டு, மேலே ஒரு பெரிய கல்லை மூடிபோல வைத்திருப்பார்கள். நான்காவது பக்கம் திறந்திருக்கும். இடுப்பு உயரம்தான். எப்போது வைத்தார்கள், யார் வைத்தார்கள்... யாருக்கும் சரியாகத் தெரியாது.

கூட வந்து விளக்கம் சொன்னது தொல்லியல் படிக்கிற ஒரு பெண். கெட்டிக்காரி. தான் சொல்வதற்கு முன்னால் எங்களைச் சொல்ல வைத்தாள்.

"இது எதுக்காக இருக்கும்னு நினைக்கிறீங்க?"

மழைக்கு ஒதுங்க என்றார் ரிட்டையர்டு பேங்க் மேனேஜர். குலதெய்வக் கோயில் என்றார் இரண்டாவது மாடி அம்மா. எல்லைக்கல், காவல்காரன் கொட்டகை, ஆட்டுப்பட்டி... ஆளுக்கொன்று வந்தது. ஒருவர் பாண்டவர் வீடு என்றார். ஊர்ப்பக்கம் அப்படித்தான் சொல்வார்களாம். யார் கட்டியது என்று தெரியாத எதையும் நாம் பாண்டவர் கணக்கில் எழுதிவிடுவோம் – வனவாசத்தில் அவர்கள் கட்டட வேலையைத் தவிர வேறொன்றும் பார்க்கவில்லை போல.

அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். பெரும்பாலும் இவை இறந்தவர்களுக்காக எழுப்பியவை. சிலவற்றில் எலும்பு இருக்கும், சிலவற்றில் சாம்பல், சிலவற்றில் எதுவுமே இருக்காது. இதே மலையில் உச்சிகளில் உள்ள கல்வட்டங்களைத் தோண்டியபோது வெண்கலக் கிண்ணமும் சுட்ட மண்ணில் செய்த எருமை பொம்மைகளும் கிடைத்தனவாம். போகிறவரோடு அனுப்பிவைத்தவை.

"அதெல்லாம் சரிம்மா. ஒரு ஆளைப் புதைக்க மண்ணு போதாதா? இவ்வளவு கனமான கல்லு எதுக்கு?" என்றார் மேனேஜர்.

"அதுதான் சார் உறுதியாத் தெரியல. நரி தோண்டாம இருக்கவா, செத்தவர் பெரிய ஆளுன்னு காட்டவா, இந்த நிலம் எங்களுதுன்னு சொல்லவா... ஆராய்ச்சி பண்றவங்க இன்னும் பேசிட்டேதான் இருக்காங்க."

எனக்கு ஒரு பதில் தெரியும். நானாகக் கண்டுபிடித்தது இல்லை. பார்வதி என்று ஒரு தேயிலைத் தொழிலாளி ஒரு மழை நாளில் சொன்னது. வேனில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு வந்தவர்களிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும், எழுத வருவதற்கு முன் நான் நர்ஸ். அதுவும் எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸ். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் நடுவில் ஒரு மலைமடிப்பில் அந்த எஸ்டேட் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது காலையில் சங்கு ஊதினால் வரிசைக் குடியிருப்பான லைன் வீடுகளிலிருந்து சனம் சாரிசாரியாக ஏறும். டிஸ்பென்சரி வாசலில் எப்போதும் ஒரு இருமல், ஒரு குழந்தை அழுகை, ஒரு சண்டை.

பிறகு தேயிலை விலை விழுந்தது.

ஒரேயடியாக விழுந்திருந்தால் ஒரேயடியாக அழுதிருப்போம். அது வருடக்கணக்கில் விழுந்துகொண்டே இருந்தது. முதலில் ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடியது. பிறகு ஒரு நாள். பிறகு சங்கு நின்றது. தொழிலாளர்கள் ஒவ்வொரு குடும்பமாகத் திருப்பூருக்கு இறங்கினார்கள். தட்டுமுட்டுச் சாமான், ஒரு கோழி, சாமி படம்... எஸ்டேட் மேனேஜர் துரை ஒரு நாள் கோயம்புத்தூர் போனார். போனவர் போனவர்தான்.

கவாத்து செய்யாமல், அதாவது வெட்டி மட்டப்படுத்தாமல் விட்டால் தேயிலைச் செடி என்ன ஆகும் தெரியுமா? மரமாகிவிடும். இடுப்பளவு நின்றதெல்லாம் தலைக்கு மேல் வளர்ந்து, நடந்துபோகிற வழியே மூடிப்போகும். இரண்டு வருடத்தில் எங்கள் எஸ்டேட் காடாகிவிட்டது. மாலை நாலு மணிக்குப் பனி இறங்கினால் என் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு விளக்கும் தெரியாது.

நான் ஏன் கிளம்பவில்லை? இதை என் அண்ணனும் கேட்டார். தொழிலாளி ஒருவர் இருந்தாலும் டிஸ்பென்சரி திறந்திருக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். உண்மை அது மட்டும் இல்லை. முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை, அப்பா அம்மா போய்விட்டார்கள். ஈரோட்டில் அண்ணன் வீட்டுக்குப் போனால் ஹாலில் என் பெட்டியை எங்கே வைப்பது என்று அண்ணி யோசிப்பது முகத்தில் தெரியும். தனியாக இருக்க வேண்டும் என்றால், தனியாக இருக்கிற இடத்திலேயே இருந்துவிடலாமே?

கடைசியில் எஸ்டேட்டில் நாங்கள் நான்கு பேர். நான், வாட்ச்மேன் ராசு, மூன்றாம் லைனில் சுப்பையாவும் அவர் மனைவி பார்வதியும்.

அந்த இருவரும் இலங்கையிலிருந்து வந்தவர்கள். அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இரு நாட்டு ஒப்பந்தப்படி கப்பலேறி இங்கே வந்து, மறுபடியும் தேயிலைக்கே வந்து சேர்ந்தவர்கள். லைன் வீட்டை அவர்கள் 'லயம்' என்பார்கள். ஒரே மகன் முருகேசன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். சுப்பையா கேட்கவில்லை. "ஒருக்கா எடம் மாறினது போதும்" என்பார். அவ்வளவுதான்.

அவர் காட்டுக் காவல்காரர்; எஸ்டேட்டில் தேயிலைப் பகுதி ஒவ்வொன்றையும் நம்பர் போட்டுக் காடு என்போம். ஆறாம் நம்பர் காட்டின் மேல்முனையில் ஒரு கல்திட்டை இருந்தது. வெள்ளைக்காரன் தேயிலை வைத்தபோது அதை அசைக்க முடியாமல் சுற்றி வைத்துவிட்டுப் போயிருந்தான். சுப்பையா மத்தியானச் சாப்பாட்டை அதில் முதுகு சாய்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவார்.

ஐப்பசி மழை. ஒரு வியாழக்கிழமை இருமலோடு வந்தார். காய்ச்சலும் இருந்தது. மாத்திரை கொடுத்தேன். "குறையலீன்னா நாளைக்கே வாங்க, கோத்தகிரி பெரியாஸ்பத்திரிக்குப் போயிரலாமுங்க" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை. மழையில் அவரால் வர முடியவில்லை. அந்த மழையில் நானும் போய்ப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை பார்வதி ஓடிவந்தார். போனேன். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. என்னிடம் இருந்த ஊசியைப் போட்டேன். ராசுவை ஜீப் பிடித்துவரச் சொல்லி அனுப்பினேன். இரண்டு மணி நேரம் கழித்து அவர் சேறு பூசிய காலோடு தனியாகத் திரும்பி வந்தார்.

"ஏனுங்க நர்சம்மா... ரோடே இல்லீங்க. வளைவுக்குக் கீழ மண்ணு சரிஞ்சு மரத்தோட போயிருச்சுங்க. மேட்டுப்பாளையம் ரோடும் அடச்சிருச்சுன்னு சொல்றாங்க. போனும் செத்துக் கெடக்குது."

மத்தியானம் மூன்று மணிக்குச் சுப்பையா போய்விட்டார்.

வியாழக்கிழமையே அவரை அனுப்பியிருக்க வேண்டுமா? இத்தனை வருடமாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. சில நாள் 'ஆமாம்' என்கிறேன். சில நாள் 'அன்றைக்கு நெஞ்சில் சத்தம் இல்லையே' என்கிறேன். பார்வதி ஒரு நாளும் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஞாயிறு முழுக்கக் காத்திருந்தோம். முருகேசனுக்குச் சொல்ல வழியில்லை. சொன்னாலும் அவன் வர வழியில்லை. திங்கள் காலை நான் பார்வதியிடம், நர்ஸ் என்பதால் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது... "இனி வெக்க முடியாதுங்கம்மா" என்றேன்.

அவர் வெளியே மழையைப் பார்த்தார்.

"செரி. தூக்கிருவோம்" என்றார்.

யார் தூக்குவது?

கேட்பதற்கே சங்கடமான கேள்வி. இருநூறு வீடு இருந்த எஸ்டேட். எத்தனை சாவு பார்த்திருக்கிறேன் – பாடையைத் தொட இடம் கிடைக்காமல் ஆட்கள் முட்டிக்கொள்வார்கள். இப்போது ராசு ஒருவர்தான் ஆண்.

அந்த நேரம் பார்த்து போஜன் வந்தார். பக்கத்து ஹட்டியைச் சேர்ந்த படகர். மலையில் படகர் ஊரை ஹட்டி என்பார்கள். அவருக்கும் கொஞ்சம் தேயிலை உண்டு, விலை விழுந்ததில் அவரும் விழுந்திருந்தார். அம்மாவுக்குக் காய்ச்சல் மாத்திரை வாங்க மழையில் நனைந்துகொண்டு வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மாத்திரையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"மாத்திரையக் குடுத்துட்டு, ஆளுங்களக் கூட்டிட்டு வர்றேன்" என்றார்.

ஒரு மணி நேரத்தில் திரும்பினார். கையில் மண்வெட்டி. பின்னால் யாரும் இல்லை.

"ரெண்டு வீடு விழுந்துருச்சுங்க. இருக்கறவங்க மண்ணு அள்ளிட்டிருக்காங்க. பசங்க எல்லாம் கோயமுத்தூர், திருப்பூர்..." தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவரே சொன்னார், "சுப்பையாவுக்கும் எனக்கும் ஆகாதுங்க. என் எருமை உள்ள வந்துச்சுன்னு கல்லெடுத்துட்டு ஓடிவந்தவரு. இருக்கட்டும்."

அவரும் ராசுவும் போய்க் குழி வெட்டிவிட்டு வந்தார்கள். எஸ்டேட் இடுகாடு ஆறாம் நம்பர் காட்டுக்கும் மேலே. நடந்தால் அரை மணி. பாடை கட்ட மூங்கில் இல்லை. டிஸ்பென்சரி ஸ்ட்ரெச்சரை எடுத்துவந்தேன். சமதளமாக இருந்தால் இரண்டு பேர் போதும். சேற்று ஏற்றத்தில் நான்கு முனைக்கும் ஆள் வேண்டும்.

நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்பக்கம் ஒரு பிடியைப் பிடித்தேன். மறுபக்கப் பிடியைப் பார்வதி பிடித்தார்.

ராசு பதறிப்போனார். "ஏனுங்க, பொம்பளைங்க தூக்கறதுங்களா? எங்கயும் இல்லாத வழக்கமுங்க."

"ஆம்பளைங்க எங்க இருக்காங்க ராசு? கூப்புடு. நான் ஒதுங்கிக்கிறேன்" என்றார் பார்வதி.

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே யாராவது வந்தால் ஒதுங்கிக்கொள்வதுபோலத்தான் சொன்னார். ராசு முன்பக்கப் பிடியைப் பிடித்தார்.

கிளம்பினோம். பறை இல்லை, சங்கு இல்லை. மழைச் சத்தம் மட்டும். மரமாக வளர்ந்த தேயிலைக்கு நடுவே வழியைப் போஜன் தோளால் விலக்கிக்கொண்டே போனார். வழுக்கியதால் செருப்பைக் கழற்றிவிட்டேன். காலில் அட்டை ஏறியது தெரிந்தது, குனிந்து பிடுங்கக் கை இல்லை. சுப்பையா ஒல்லியான மனிதர்தான். ஆனாலும் உயிர் போன உடம்பின் கனம் வேறு. நர்ஸாக எத்தனையோ பேரைப் புரட்டியிருக்கிறேன் – அன்றுபோல் கனத்தது இல்லை. கை மாற்ற ஆள் இல்லாதபோது எதுவும் கனம்தான்.

பார்வதி மூச்சிரைத்துக்கொண்டே பேசினார். என்னிடமா, அவரிடமா, தெரியவில்லை.

"தலமன்னார்ல கப்பலேறையில எனக்குக் கடுங்காச்ச. நிக்க ஏலாது. இவருதான் தூக்கிக்கிட்டு ஏறுனாரு. ராமேஸ்வரத்துல எறங்கையிலயும் இவருதான்... ஒரு வார்த்த சொல்லிக் காட்டுனதில்ல."

கல்திட்டை வந்தது. ராசுவுக்கு முடியவில்லை. எனக்கும்தான். கொஞ்சம் இறக்கலாம் என்றார் போஜன். எங்கே இறக்குவது? எல்லாப் பக்கமும் தண்ணீர் ஓடியது. பார்வதிதான் காட்டினார். கல்திட்டையின் திறந்த பக்கமாக ஸ்ட்ரெச்சரை உள்ளே நகர்த்தினோம். பாதி உடம்பு வெளியே நனைந்தது. முகம் மட்டும் மேல்கல்லுக்கு அடியில் நனையாமல் இருந்தது.

நாங்கள் நான்கு பேரும் சுற்றி உட்கார்ந்தோம். பார்வதி அந்த மேல்கல்லைத் தடவிப் பார்த்தார். கைக்கு எட்டியவரை தடவினார்.

"இத என்னான்னு சொல்றது உங்க ஊருல?" என்று போஜனிடம் கேட்டார்.

"பழைய ஆளுங்க வெச்சதுன்னு சொல்வாங்க. செத்தவங்களுக்கு."

"இத தூக்க எத்தினி பேரு வேணும்?"

போஜன் கல்லைக் கண்ணால் அளந்தார். "முப்பது... நாப்பது பேராவது வேணுங்க. கீழயிருந்து இந்த மேட்டுக்குக் கொண்டாரணும் இல்லீங்களா."

பார்வதி, புகார் எதுவும் இல்லாத குரலில் சொன்னார்.

"பாத்தீங்களா நர்சம்மா. அந்தாளு சாவுக்கு நாப்பது பேரு வந்திருக்காங்க."

எனக்குத் தெரிந்த பதில் இதுதான். நரிக்காக இல்லை. அந்தஸ்துக்காகக்கூட இல்லை. செத்தவரை மூட ஒரு கூடை மண் போதும், ஒரே ஆள் போட்டுவிடலாம். ஒரே ஆளால் முடியக் கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு பெரிய கல்லைத் தேடியிருப்பார்கள். வேலை வெட்டியைப் போட்டுவிட்டு எல்லோரும் வந்தால்தான் அது நகரும். கல் நின்றுவிட்டால், அத்தனை பேர் வந்தார்கள் என்பதும் நின்றுவிடும். இப்படி ஆராய்ச்சிக் கட்டுரை எழுத முடியாது, தெரியும். எனக்கு இது போதும்.

மறுபடி தூக்கினோம். கொண்டுபோய்ச் சேர்த்தோம். குழியில் தண்ணீர் ஊறியிருந்தது, ராசு சட்டியால் இறைத்தார். பார்வதி வாய்க்கரிசி போட்டார். மண் போட்டோம். இறங்கும்போது போஜன் என் கையைத் திருப்பிப் பார்த்து, தோல் உரிந்திருக்கிறது, மருந்து போடுங்கள் என்றார். நான் நர்ஸ் என்பது எனக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சாயங்காலம் குவார்ட்டர்ஸ் கதவு தட்டும் சத்தம். பார்வதி. கக்கத்தில் ஒரு பாய்.

"நீங்க தனியா இருப்பீங்களேன்னு வந்தேன்" என்றார்.

யோசித்துப்பாருங்கள். புருஷனைப் புதைத்துவிட்டு வந்த மனுஷி. நான் அல்லவா அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்? போக வேண்டும் என்றுதான் இருந்தேன். இருட்டுகிற லைனுக்குள் நடக்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து நாள் இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தோம். அவர் ரொட்டி சுடுவார், நான் டீ போடுவேன். யாரோ ஒருவர் பக்கத்தில் மூச்சு விடுவது தூக்கத்துக்கு எவ்வளவு நல்லது என்பதை நர்ஸிங் ஸ்கூலில் எனக்குச் சொல்லித்தரவில்லை.

சனிக்கிழமை ரோடு திறந்தது. முருகேசன் வந்தான். நடந்ததை வழியில் ராசு சொல்லியிருந்தார் – இறந்ததையும் புதைத்ததையும் மட்டும். அவன் நேராக மேலே ஏறிப்போய் மண்ணில் விழுந்து அழுதுவிட்டு வந்தான். கண் வீங்கியிருந்தது. வாசலில் நின்றுகொண்டே அம்மாவிடம் கேட்டான்.

"யாரும்மா தூக்குனா? சனம் வந்துச்சா? அனாதையாட்டம் போனாராம்மா?"

நான் பார்வதியைப் பார்த்தேன். பார்வதி என்னைப் பார்க்கவில்லை.

"மிச்சம் சனம் வந்துச்சுய்யா" என்றார்.

இலங்கையிலிருந்து வந்தவர்கள் பேச்சில் 'மிச்சம்' என்றால் நிறைய. நம் பேச்சில் மீதி. அவர் எதை நினைத்துச் சொன்னாரோ... முருகேசனுக்கு அம்மாவின் பேச்சுதான் காதில் விழுந்தது. அவன் தோள் தளர்ந்தது. என் பக்கம் திரும்பி, "அப்படியாங்க நர்சம்மா?" என்றான்.

"ஆமாங்க. ஹட்டியிலிருந்துகூட வந்தாங்க" என்றேன்.

அவன் தலையாட்டிக்கொண்டே நீளமாக ஒரு மூச்சு விட்டான். அன்றைக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனான். பஸ் ஏறும்போது பார்வதி என் கையை விடாமல், "நீங்களும் கெளம்பிருங்க. உங்களுக்குச் சொகமில்லைன்னா மருந்து குடுக்க ஆளில்ல" என்றார். அடுத்த மாதமே நான் கிளம்பிவிட்டேன். ராஜினாமாக் கடிதத்தில் காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதினேன். வேறென்ன எழுதுவது?

முருகேசனுக்கு இப்போது ஐம்பதை நெருங்கியிருக்கும். இந்தப் பத்தியை அவன் படிக்க வாய்ப்பு இல்லை. ஒருவேளை படித்தால்... தம்பி, நாங்க நாலே பேருதாங்க. ஆனா கை மாத்த ஆளில்லாம கடைசிவரைக்கும் நாங்களே தூக்கினோமுங்க.